உபதேசியாரும் சம்மாட்டியாரும்

தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த தெரு கிழக்கே கடலில் போய் முடியும். கொண்டல் அடித்தால் வீடு முழுக்கக் கருவாட்டு வாசம். கச்சான் அடித்தால் காயப்போட்ட வேட்டிகளில் எல்லாம் புழுதி அப்பிக்கொள்ளும். தெருவில் பாதி வீடுகள் பரதவர் வீடுகள், எங்கள் பேச்சில் ‘ஆர்.சி.காரங்க’, அதாவது ரோமன் கத்தோலிக்கர். மீதிப் பாதியில் பெரும்பாலும் எங்களைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) நாடார்கள். இடையில் இரண்டு மூன்று மரைக்காயர் வீடுகள், முனையில் ஒரு பலசரக்குக் கடை. காலையில் மாதா கோயில் மணி ஒரு பக்கமும் எங்கள் ஆலயமணி இன்னொரு பக்கமும் அடிக்கும். எந்த மணி யாருக்கு என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும் என்பாள் ஆச்சி.

என் தாத்தா உபதேசியார். மெஞ்ஞானபுரம் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடம் நடத்தி, ஐயர் என்று நாங்கள் சொல்லும் குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை நடத்தி, நோயாளிக்கு ஜெபம் பண்ணி, செத்தவரை அடக்கம் செய்து, ஓய்வு பெற்ற பிறகு அப்பாவோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார். எதிர்வீட்டுச் சம்மாட்டியார் 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரைக்கும் கடலில் குளித்தவர். அதற்குப் பிறகு முத்துச்சலாபமே இல்லை. சங்கு குளித்தார், வள்ளம் வைத்திருந்தார், கொழும்புக்குப் போகும் தோணி ஒன்றில் பங்கும் வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், எனக்கு விவரம் தெரிய ஆரம்பித்தபோது இந்த இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சண்டை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அம்மா கருப்பட்டிக் காப்பியை இரண்டு தம்ளரில் ஊற்றித் தருவாள், நான் கொண்டுபோய் வைப்பேன். கொடுத்துவிட்டு உள்ளே வரமாட்டேன். தூணோரம் உட்கார்ந்துகொள்வேன். தாத்தாவின் வேதப்புத்தகம் கறுப்புத் தோல் அட்டை போட்டது, தாள் ஓரங்களில் சிவப்பு மை பூசியது. அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு விரலால் தட்டித் தட்டிப் பேசுவார். சம்மாட்டியார் கையில் செபமாலை மட்டும் இருக்கும். அந்தத் தலைமுறை ஆர்.சி. வீடுகளில் முழு வேதப்புத்தகம் அபூர்வம். ஆனால் கோயிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றையும் அவர் மறந்ததில்லை.

“கானாவூர் கல்யாணத்துல ரசம் தீந்துபோச்சுன்னு முதல்ல கண்டுக்கிட்டது யாரு வே? பேதுருவா? யோவானா? அம்மைதானே? அவுக சொல்லித்தானே மகன் முதல் புதுமை செஞ்சாரு?”

“கண்டுக்கிட்டா, சரி. வேலைக்காரங்கட்ட என்ன சொன்னா? என்னைக் கேளுங்கன்னா சொன்னா? அவர் என்ன சொல்லுதாரோ அதைச் செய்யுங்கன்னு சொன்னா. அதைத்தான் நாங்களும் சொல்லுதோம்.”

சம்மாட்டியார் கொஞ்ச நேரம் தாடையைத் தடவுவார். பிறகு, “சரி, நாளைக்கு வாரேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார். மறுநாள் வரும்போது பங்குச் சாமியாரிடம் கேட்ட பதிலோடு வருவார். சில நாள் தாத்தாவின் புத்தகத்தையே இரவல் வாங்கிக்கொண்டு போவார். தாத்தாவை மடக்குவதற்காகவே அவர் நற்செய்தி நூல்கள் நான்கையும் படித்து முடித்தார். தாத்தா தன் பங்குக்கு, இந்தக் கடற்கரையின் ஞானஸ்நான வரலாறு முழுவதையும் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்: 1530-களில் பரதவர்கள் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றது, 1542-ல் சவேரியார் வந்து செபங்களைத் தமிழில் மனப்பாடம் பண்ண வைத்துக் கரை நெடுகச் சுற்றியது, மணிலாவிலிருந்து 1555-ல் மாதா சுரூபம் வந்து சேர்ந்ததாகக் கரையில் வழங்கும் கதை.

எனக்குப் பிடித்தது டச்சுக்காரன் கதை. சம்மாட்டியார் ஒரு நாள் என்னைக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய், டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் காட்டினார். “பாத்துக்க, இது எங்களைப் பிடுங்கினவன் கட்டினது” என்றார். 1658-ல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கால்வின் வழிச் சபைக்காரர்கள். சாமியார்களை விரட்டினார்கள். கோயில்களைப் பண்டகசாலை ஆக்கினார்கள். பால்டேயஸ் என்ற அவர்களுடைய போதகர் வந்து பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார். முடியவில்லை. முத்துக்கும் சங்குக்கும் இந்த ஆட்களை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதால் டச்சுக் கம்பெனியும் போகப்போகப் பிடியைத் தளர்த்தியது. 1713-ல் பனிமய மாதா கோயில் டச்சுக்காரன் கொடி பறந்த ஊரிலேயே எழுந்து நின்றது. இதைச் சொல்லும்போது சம்மாட்டியாரின் குரல் கோயில் கொடிமரத்தில் கொடி ஏறுகிற மாதிரி உயர்ந்துகொண்டே போகும்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் அப்படியே ஒப்பித்தேன். டச்சுக்காரர்கள் ‘நம்ம பக்கம்’ என்பதால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: “அந்தப் போதகர் வேதத்தைத் திறந்து வச்சுக்கிட்டு அவங்களோட வாதாடினது சரி. கோயில் சாவியைப் பறிச்சு வச்சுக்கிட்டு வாதாடினா அது வாதமாலே? வாதம் வேற, பறிக்கது வேற.” அவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே கோடு எப்போதும் தெளிவாகத் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது என்பது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. தாத்தா சி.எம்.எஸ். மிஷன் வளர்த்த பிள்ளை. ஆச்சி நாசரேத்துக்காரி, எஸ்.பி.ஜி. மிஷன் பரம்பரை. ஆச்சிக்குப் பீடத்தில் மெழுகுவர்த்தி எரிய வேண்டும், விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவின் பெயர் வரும்போது தலை தாழ்த்த வேண்டும். தாத்தா விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு மிஷனுமே இங்கிலாந்துத் திருச்சபையுடையவைதான். ஒன்று கீழ்ச்சபைப் போக்கு, மற்றது மேல்சபைப் போக்கு. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களை இரண்டு மிஷன்காரர்களும் பங்கு போட்டிருந்தார்கள். 1896-ல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அத்தியட்சர் (பிஷப்) வந்த பிறகும், பெண் கொடுக்கல் வாங்கலில் ‘அவுக எஸ்.பி.ஜி.’ என்ற பேச்சு ஓயவில்லையாம். ஆச்சியைக் கட்டிக்கொண்டு வந்தபோது தாத்தாவின் அம்மா, “மெழுகுவத்திக்காரி” என்றுதான் கூப்பிட்டாளாம்.

ஆனால் தாத்தா அதிகமாகச் சொன்ன கதை ரேனியுஸ் ஐயருடையது. ஜெர்மன் நாட்டவர், லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். சங்கத்தின்கீழ் 1820-லிருந்து பாளையங்கோட்டையில் வேலை செய்தவர். அவர் காலத்தில்தான் இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன. தம்மோடு உழைத்த உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது கேள்வி எழுந்தது: அத்தியட்சர் கைவைத்தால்தான் அது பட்டமா? ரேனியுஸ் அப்படி இல்லை என்றார், ஆங்கிலத் திருச்சபை முறைகளை வெளிப்படையாகவே விமர்சித்து எழுதினார். 1835-ல் சங்கம் அவரை நீக்கியது. அவரோடு ஒரு பங்கு சபைகள் போயின, ஒரு பங்கு நின்றன. ஒரே தெருவில் இரண்டு ஜெபவீடு. 1838-ல் அவர் இறந்தார், அதன்பின் பிரிந்தவர்கள் திரும்பிச் சேர்ந்தார்கள்.

“சேந்தாங்க. ஆனா கேள்விக்கு யாரும் பதில் சொல்லல வே. ஆள் செத்துட்டாருன்னு கேள்வியைச் சேத்துப் புதைச்சுட்டாங்க” என்பார் தாத்தா. புதைத்த கேள்வி முளைக்கும் என்பது அவருடைய கணக்கு. இருபது வருஷத்துக்குள், 1857-ல், நாசரேத் பக்கம் பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை மிஷனை உதறி இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அதில் வேதக் கேள்வியோடு, தம் சாதியை மிஷனரிகள் இழிவாக எழுதினார்கள் என்ற கோபமும் சேர்ந்திருந்தது. தாத்தா அந்தக் கோபத்தை நியாயம் என்றே சொல்வார், ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றியதைத் தப்பு என்பார்.

சம்மாட்டியாரும் விட்டுக்கொடுக்காமல் தங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்வார். போர்த்துக்கல் அரசரின் அதிகாரத்தில் வந்த கோவா சாமியார்கள் ஒரு கட்சி, ரோமாபுரி நேரடியாக அனுப்பிய சேசுசபைச் சாமியார்கள் ஒரு கட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் கோயிலுக்குக் கோயில் அந்தப் பிளவு. ஒரு குடும்பத்திலேயே அண்ணன் ஒரு பூசைக்கும் தம்பி ஒரு பூசைக்கும் போனதாகச் சொல்வார். 1923-ல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இந்தக் கரையிலேயே பிறந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானபோதுதான் தங்கள் ஆட்களுக்கு மூச்சு வந்தது என்பார். “பாத்தீரா உபதேசியாரே, எங்க சண்டையில வேதமே இல்ல. யாரு பெரியவன்கிறது மட்டுந்தான். உங்க ஆளுக பரவாயில்ல, வேதத்தை வச்சாவது பிரிஞ்சீங்க.” தாத்தா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் உண்டு. மில்லில் நல்ல உத்தியோகம். திண்ணையில் இவர்கள் பேசுவதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். “எதுக்கு இந்தச் சண்டை? எல்லாரும் ஒரே சாமியைத்தானே கும்பிடுதோம். ஒத்துமையா இருக்கணும்” என்பார். கேட்க எவ்வளவு நல்ல வார்த்தை! எனக்கும் அப்போது அவர் சொல்வதுதான் சரியென்று பட்டது. தாத்தா ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்: “ஒரே சாமின்னா, நீரு ஏன் இவுக வீட்டுல ஒரு நாளும் கை நனைக்க மாட்டேங்கீரு?” பெரியவர் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாத்தாவோ ஈஸ்டர் திங்கட்கிழமை சம்மாட்டியார் வீட்டு மீன்குழம்பை ஒரு வருஷம்கூடத் தப்பவிட்டதில்லை. ஆகஸ்ட் 5, மாதா கோயில் திருநாளன்று பவனியில் சேர மாட்டார், சுரூபத்தைப் பார்க்கவும் போகமாட்டார். ஆனால் வெயிலில் நடந்து வரும் கூட்டத்துக்கு வாசலில் பெரிய பானை நிறைய மோர் கரைத்து வைத்து, தன் கையாலேயே ஊற்றுவார்.

அந்த நவம்பர் மாதச் சாயங்காலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லறைத் திருநாள் அன்று சம்மாட்டியார் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். காப்பியைத் தொடவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் அவருடைய தம்பி போன தோணி திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுபோகும் நாளில் அவருக்குப் போக ஒரு கல்லறை இல்லை. ஒவ்வொரு வருஷமும் பூசைக்குப் பணம் கட்டிவிட்டு வருவார்.

“உபதேசியாரே, உத்தரிக்கிற ஸ்தலம் இல்லேங்கீரு. செத்தவனுக்கு நாம செபிக்க வேண்டியதில்லேங்கீரு. அப்பம் சொல்லும். பாவசங்கீர்த்தனம் பண்ணாம, அவஸ்தைபூசுதல் இல்லாம, தண்ணியில போனவன் என் தம்பி. இப்பம் எங்க இருக்கான்?”

நான் தாத்தாவின் முகத்தைப் பார்த்தேன். இந்த நேரத்தில் விட்டுக்கொடுத்து ஏதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவர் வேதப்புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. “நான் படிச்சவரைக்கும் சொல்லுதேன். உம்ம தம்பி கர்த்தரை நம்பினவன். அவனுக்காகச் செய்ய வேண்டியதை எல்லாம் சிலுவையில ஒருத்தர் செஞ்சு முடிச்சாச்சு. உம்ம பூசைக்காக அவன் எங்கயும் காத்துக்கிட்டுக் கிடக்கல. கடல் அவனை எடுத்த நிமிஷமே அவன் கரையேறிட்டான்.”

சம்மாட்டியார் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீரு சொல்லுதது நிசமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்றார். பிறகு, “ஆனாலும் நான் பூசை வைப்பேன். என் தம்பிக்காக ஒண்ணும் செய்யாம என்னால இருக்க முடியாது” என்றார். “வையும்” என்றார் தாத்தா.

கோட்பாடு என்பது புத்தகக்காரர்களின் சொற்சண்டை, அன்புதான் முக்கியம் என்று பேசுகிறவர்களை இன்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மாலை நினைவுக்கு வருகிறது. தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்டவருக்கு அது சொற்சண்டை அல்ல. அவருக்கு வேண்டியிருந்தது, தான் நம்புவதை உள்ளபடியே சொல்லக்கூடிய ஓர் ஆள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று தாத்தா சொல்லியிருந்தால் அந்தத் துக்கத்துக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இருந்திருக்காது.

ஒரு வருஷம் தாத்தாவின் பழைய சபையில் அசனப் பண்டிகை. சம்மாட்டியாரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம். வழியில் மெஞ்ஞானபுரம் கோபுரம் தெரிந்ததும், “நூத்தித் தொண்ணூத்திரண்டு அடி வே!” என்று தாத்தா அவருக்குக் காட்டினார். காலையில் திருவிருந்து ஆராதனை. சம்மாட்டியார் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டபோது அவர் எழுந்திருக்கவில்லை. தாத்தாவும் கூப்பிடவில்லை. மத்தியானம் பனை ஓலைப் பந்தலின்கீழ் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும். ஊர் முழுக்கத் தரையில் வரிசையாக உட்கார்ந்து தின்றது. சம்மாட்டியாருக்கு இரண்டு பக்கமும் தாத்தாவும் நானும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சு அப்பத்தைப் பற்றி வந்தது. “நீங்க அதை வெறும் அப்பம்னுதானே சொல்லுதீங்க?” என்று இவர் கேட்க, “வெறும் அப்பம்னு எவன் சொன்னான்?” என்று தாத்தா எகிறினார். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனாலும் விசுவாசத்தோடு வாங்குகிறவன் மெய்யாகவே கிறிஸ்துவை உண்கிறான் என்பது எங்கள் பக்கம். அப்பம் அப்பமாக இல்லை, அவருடைய சரீரமாகவே மாறிவிடுகிறது என்பது அவர்கள் பக்கம். சாயர்புரம் தாண்டும்வரை ஓடியது. அதற்குப் பிறகு சம்மாட்டியார் சொன்னார்: “ஒரே பந்தியில கறிச்சோறு தின்னாச்சு. அந்தப் பந்தியில மட்டும் சேந்து உக்கார முடியலையே வே.” தாத்தாவுக்கு அதற்குப் பதில் இல்லை. இருவரில் ஒருவர்கூட, ‘பரவாயில்லை, இதெல்லாம் சின்ன விஷயம்’ என்று சொல்லவில்லை. அந்த வலியை வலியாகவே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பிறகு வந்தது என் சின்ன அத்தையின் கல்யாணப் பேச்சு. பேச்சு என்ன, புயல். அத்தை பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை, சம்மாட்டியாரின் இரண்டாவது மகன், துறைமுக வேலையில் இருந்தவர். யாருக்கும் தெரியாமல் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். விஷயம் வெளியே வந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் வந்துபோன சொந்தக்காரர்களுக்குக் கணக்கில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் திடீரென்று விக்கிரக ஆராதனையைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் திடீரென்று ‘பதிதர்’ என்றார்கள். அதுவரை வேதத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள் பத்துக் கட்டளைகளை வரிசையாகச் சொன்னார்கள். ஒற்றுமைப் பெரியவரும் வந்திருந்தார். அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக, “சுரூபத்தைக் கும்பிடுத வீட்டுக்கா நம்ம பிள்ளையைக் கொடுக்கது?” என்றார்.

தாத்தா அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “இத்தனை வருஷமா அவரோட சுரூபத்தைப் பத்தி வாதாடிக்கிட்டு இருக்கவன் நான். எனக்கு அதுல என்ன வித்தியாசம்னு தெரியும். உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சாதி இடிக்கு. சாதின்னு வாயைத் திறந்து சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். வேதத்தை ஏன் இழுக்கீங்க?” கூடம் அமைதியானது. எதிர்வீட்டில் சம்மாட்டியாரும் அதே வாரம் தன் ஆட்களிடம் ஏறக்குறைய இதையே சொன்னதாக அவர் மகன் பின்னால் சொன்னார்.

வேதக் கேள்விகளும் நிஜமாகவே இருந்தன. எந்தக் கோயிலில் கல்யாணம்? அத்தை சபை மாற வேண்டுமா? பிள்ளைகளுக்கு எங்கே ஞானஸ்நானம்? இந்த மூன்றையும் திண்ணையில் அந்த இருவர் மட்டுமே மாதக்கணக்கில் வாதாடினார்கள். காலமும் கொஞ்சம் கை கொடுத்தது. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிரிந்த சபையாரைச் சகோதரர் என்று ஏற்று ஓர் ஆணை வெளியிட்டிருந்தது. 1970-ல் பாப்பரசர் கலப்புத் திருமண விதிகளைத் தளர்த்தி, கத்தோலிக்கர் அல்லாத மணமகளோ மணமகனோ வாக்குறுதி தர வேண்டியதில்லை என்று ஆக்கியிருந்தார். சாமியாரிடம் கேட்டு வந்து சம்மாட்டியார் இதையெல்லாம் விளக்க, தாத்தா ஒவ்வொன்றாகக் குறுக்கு விசாரணை செய்தார். ஞானஸ்நானச் சான்றிதழ் தர ஓர் அலுவலகத்தில் இழுத்தடித்தார்கள், அதையும் தாண்டியாயிற்று. கல்யாணம் அவர்கள் கோயிலில் நடந்தது. அத்தை கடைசிவரை சி.எஸ்.ஐ.யாகவே இருந்தாள். தாத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், முழங்காலிடவில்லை, ஆசீர்வாதத்தின்போது சத்தமாக ‘ஆமென்’ சொன்னார். ஒற்றுமைப் பெரியவர் வரவில்லை.

முத்துக்குளிக்கிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வது உண்டு. அக்காள் தங்கை தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கையைத் தளர்த்த மாட்டான். சம்மாட்டியார் பந்தியில் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னார்: “இனிமேதான் வே நாம நல்லாச் சண்டை போடலாம். கயிறு பத்திரமா இருக்கு.”

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றித் தாத்தா பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. அது தாத்தாவின் ஊருக்கு அடுத்த ஊர். அசரியா 1912-ல் தோர்ணக்கல் அத்தியட்சர், ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். பிரிந்து கிடக்கும் சபைகளின் போதகர்கள் 1919-ல் தரங்கம்பாடியில் கூடி ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டபோது அதை முன்னின்று நடத்தியவர். மேல்நாட்டில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவம் என்று 1927-ல் லோசான் மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் தாத்தா அழுத்திச் சொன்னது வேறு. 1919-க்கும் எங்கள் சி.எஸ்.ஐ. பிறந்த 1947-க்கும் நடுவே இருபத்தெட்டு வருஷம். அந்த இருபத்தெட்டு வருஷமும் அவர்கள் கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கவில்லை. ஆங்கிலிக்கன்கள், மெத்தடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை, எல்லாரும் கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து வாதாடினார்கள். அத்தியட்சர் கைவைக்காதவரின் பட்டம் செல்லுமா? ரேனியுஸ் ஐயரோடு புதைத்த அதே கேள்வி. நூறு வருஷம் கழித்து அதைத் தோண்டி எடுத்து மேசைமேல் வைத்துப் பதில் எழுதினார்கள்: இனி அத்தியட்சர் உண்டு, ஆனால் ஏற்கெனவே பட்டம் பெற்ற யாருக்கும் மறுபட்டம் இல்லை. இங்கிலாந்தில் எதிர்ப்பு கிளம்பியது. நந்தியால் பக்கம் பல சபைகள் சேராமலே நின்றன. லுத்தரன்கள் வரவில்லை. ஆனாலும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துவிட்டார்.

வாதத்தை ஒதுக்கி வைத்து அந்த ஒற்றுமை வரவில்லை. வாதத்தை முடித்து வந்தது. நான் வளர்ந்து, படித்து, ஊர் ஊராகப் பார்த்த பிறகும் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. லுத்தர் காலத்தில் ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த கேள்வி, மனிதன் எதனால் நீதிமானாகிறான் என்பது. அதைக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் பல ஆண்டுகள் வரி வரியாகப் பேசி, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். தமிழில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒன்றாக உட்கார்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வெளிவந்தது. இவையும் உட்கார்ந்து பேசியவர்கள் செய்தவை.

இன்று எங்கள் ஊரில் நிலைமை வேறு. 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமாயிற்று. சபைகளுக்குள் கோர்ட்டுக்குப் போகும் வழக்குகள் பெரும்பாலும் பதவிக்கும் சொத்துக்கும் தேர்தலுக்கும்தான். வேதத்துக்காக எவரும் குரல் உயர்த்துவதை நான் கேட்டு வெகுகாலமாயிற்று. இன்னொரு பக்கம், குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு எடு என்று சொல்லும் பெந்தெகொஸ்தே சபைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. வீட்டுக்குள் அப்பாவும் மகளும் அதனால் பேசாமல் இருக்கிறார்கள். பேசிப் பிரிந்தவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, பேசாமலே பிரிந்திருப்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. சிறு வயதில் ஒரே திண்ணையில் எவ்வளவு பெரிய கேள்விகளைக் கேட்டுவிட்டேன் என்று இப்போது வியப்பாக இருக்கிறது.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். கத்தோலிக்கக் கோயிலுக்கு எங்கள் ஐயர் போவார், எங்கள் கோயிலுக்குச் சாமியார் வருவார். பொன்னாடை, ஒரு பாட்டு, ஒரு பொதுப் பிரசங்கம், டீ, பிஸ்கட். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் உங்கள் குருவானவரிடம் ஒன்று கேளுங்கள்: வருகிற ஜனவரியில் அந்த எட்டு நாளில் ஒரு மாலையை மட்டும் பாட்டில்லாமல் ஒதுக்கட்டும். ஆக்ஸ்பர்க் கூட்டறிக்கையையோ, அப்பத்தைப் பற்றிய கேள்வியையோ, ஞானஸ்நானத்தையோ எடுத்து வைத்து, இரண்டு பக்கமும் தாங்கள் நம்புவதை மறைக்காமல் பேசட்டும். பெந்தெகொஸ்தே பாஸ்டரையும் கூப்பிடுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடாதீர்கள், ஓரமாக உட்கார்ந்து கேட்கட்டும். முடிந்த பிறகு எல்லாருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு போடுங்கள்.